வெள்ளெழுத்தும் வீண் சமாதானமும்

நாற்பது வயது கடந்ததும் நம்மில் பலருக்கு அச்சுக்கூடத்தார் மீது கோபம் வருகிறது. "எழுத்தை ஏன் இவ்வளவு பொடியாக அச்சடிக்கிறார்கள்?" என்று முணுமுணுத்துக்கொண்டே, பத்திரிகையைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறோம். வாஸ்தவத்தில் எழுத்து பழைய எழுத்துத்தான். கண்ணுக்குள் இருக்கும் வில்லைதான் வயது ஏற ஏற வளைந்து கொடுக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெள்ளெழுத்து, சாளேசரம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். இது வியாதியல்ல, வெட்கப்படுவதற்கும் ஒன்றுமில்லை. தினந்தோறும் கட்டுக் கட்டாக நோட்டுப் புத்தகங்களைத் திருத்தும் உபாத்தியாயராகிய நாம் ஒரு மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டோம், காரியம் முடிந்தது.

ஆனால், "வயதானால் பார்வை மங்கத்தானே செய்யும்!" என்று எல்லாவற்றுக்கும் இதே சமாதானத்தைச் சொல்லிக்கொள்வது பெரிய அபாயம். நம் தெருப் பெரியவர் ஒருவர், "புரைதானே, முற்றட்டும்" என்று இரண்டு வருஷம் காத்திருந்தார். வைத்தியர் பார்த்தபோது, புரையோடு கண்ணழுத்த நோயும் இருந்தது தெரியவந்தது. இந்த நோய் பெரும்பாலும் வலி தராது. ஓரங்களிலிருந்து பார்வையை மெல்ல மெல்லத் திருடும். ஒரு கண்ணின் குறையை மறு கண் மூடி மறைப்பதால், வெகு நாள் வரை ஒன்றும் தெரியாது. மருந்து மிச்சமுள்ள பார்வையைக் காக்கலாம். போன பார்வை திரும்பாது. பெரியவருக்கு இன்று ஒரு கண்தான் துணை.

புரை முற்ற வேண்டும் என்பதும் பழங்கதையாகிவிட்டது. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலானால் அப்போதே சிகிச்சை செய்துகொள்ளலாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992 முதல் கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளும் மதுரையிலேயே மலிவாகத் தயாராயின. ஏழைக்கும் இன்று புரை தீராத குறையல்ல.

ஆகாரத்தின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி, மஞ்சள் பூசணி ஆகியவை கண்ணுக்கு வேண்டிய சத்தைக் கொடுப்பவை. கீரையைச் சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சமைத்தால்தான் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் கீரை தின்றதனால் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்துவிடாது, கண்ணழுத்தமும் தீர்ந்துவிடாது. புகையிலைப் புகை புரையை விரைவாக அழைத்து வரும். ஆகவே சுருட்டையும் சிகரெட்டையும் விட்டொழிப்பது நலம். உச்சி வெயிலில் குடை பிடிப்பது நல்லது. தேன், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு முதலியவற்றைக் கண்ணில் விடுவது வேண்டாம். வைத்தியர் சொல்லாமல் கடையில் வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். சில சொட்டு மருந்துகள் கண்ணழுத்தத்தை உயர்த்திவிடும்.

நீரிழிவுள்ளவர்கள், பார்வை தெளிவாயிருந்தாலும், வருஷம் ஒரு முறை கண்ணின் உட்புறத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களும் நாற்பதுக்கு மேல் கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்த்துக்கொள்வது நல்லது. தாய் தந்தையருக்குக் கண்ணழுத்த நோய் இருந்திருந்தால் இது மிகவும் அவசியம்.

அடுத்த முறை, ஊசியில் நூல் கோக்கச் சொல்லி வீட்டுப் பாட்டி கூப்பிட்டால், கோத்துக் கொடுத்துவிட்டு, "பாட்டி, கண் டாக்டரிடம் என்றைக்குப் போகலாம்?" என்றும் கேட்டுவிடுங்கள்.