சாத்தனூர்: ஊர் இருக்கு, தொகுதி இல்லை

சாத்தனூர்னதும் திருவண்ணாமலை பக்கத்து அணையும் முதலைப் பண்ணையும் ஞாபகம் வந்தா நீங்க அக்மார்க் தமிழ்நாட்டுக்காரர். நான் சொல்லப்போறது வேற சாத்தனூர். பெங்களூர்லேர்ந்து கனகபுரா தாண்டி, மளவள்ளி போற ரோட்டுல இருக்கிற ஊர். 2008 வரைக்கும் அது ஒரு சட்டமன்றத் தொகுதியோட பேரும்கூட. இன்னிக்கு ஊர் இருக்கு, தொகுதி இல்லை.

"கன்னட நாட்டு கிராமத் தொகுதி காணாமப் போனா நமக்கென்ன?"ன்னு கேக்கறீங்களா? நமக்கு அதுல பங்கு இருக்கு மக்களே. கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1985 தேர்தல்ல தேவகௌடா ஹொளேநரசிபுரம், சாத்தனூர்னு ரெண்டு இடத்துல நின்னு ரெண்டுலயும் ஜெயிச்சார். சாத்தனூர்ல அவர்கிட்ட தோத்தது டி.கே.சிவகுமார்ங்கிற இளைஞர். தேவகௌடா ஹொளேநரசிபுரத்தை வெச்சுக்கிட்டார். அடுத்து 1989ல சிவகுமார் சாத்தனூர்ல ஜெயிச்சார். 1994, 1999, 2004னு வரிசையா அவர்தான். இதுல 1999ல அவர்கிட்ட தோத்தது தேவகௌடா மகன் குமாரசாமி. ஆக, பின்னாடி பிரதமரான ஒருத்தர் ஜெயிச்ச இடம், பின்னாடி முதல்வரான அவர் மகன் தோத்த இடம். கேப்பையும் மல்பெரியும் விளையற ஒரு தொகுதிக்கு இது சாதாரண வரலாறா?

இப்போ கொசுவத்தி சுத்திக்கலாம். வேலையில சேர்ந்த புதுசுல எனக்குக் கிடைச்ச கிராமப்புற போஸ்டிங் அந்தப் பக்கம்தான். வர்றவங்க பெரும்பாலும் பட்டுப்புழு வளர்க்கிற விவசாயிங்க. ராமநகரா மார்க்கெட்ல கூடு வித்ததும் நேரா வந்து கடனைக் கட்டுவாங்க. 2008 மே மாசத் தேர்தல் முடிஞ்ச சமயம், ஒரு பெரியவர் பாஸ்புக்கை நீட்டிக்கிட்டே கேட்டார்.

"சார், உங்க பிராஞ்சை மூடி கனகபுராவோட சேர்த்துட்டா என் பணம் என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது யஜமான்ரே. அப்படியே இருக்கும். அங்க போய் எடுத்துக்கலாம்."

"அப்போ எனக்கு நஷ்டம் பஸ் சார்ஜ் மட்டும்தான்?"

சிரிச்சார். தொகுதியைத்தான் சொல்றார்னு புரிய எனக்கு அரை நிமிஷம் ஆச்சு. அவர் ஓட்டு எங்கயும் போகலை. சாத்தனூர் தொகுதியோட பெரும்பகுதி கனகபுராவோட சேர்ந்துடுச்சு. சிவகுமாரும் 2008லேர்ந்து கனகபுராவுல நின்னு ஜெயிச்சார். 2023ல வித்தியாசம் 1.22 லட்சம் ஓட்டு, அந்த வருஷமே துணை முதல்வரும் ஆனார். ஆள் மாறலை, ஓட்டு மாறலை. ஆனா "சாத்தனூருக்கு என்ன செஞ்சீங்க?"ன்னு பேர் சொல்லிக் கேக்க சட்டசபையில ஒரு நாற்காலி இருந்துச்சே, அது போயிடுச்சு.

ஏன் போச்சு? கணக்குதான் காரணம். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை கமிஷன் 2001 ஜனத்தொகையை வெச்சு எல்லைகளைத் திருத்திப் போட்டுச்சு. கர்நாடக ஜனத்தொகை 5.28 கோடி. தொகுதி 224. வகுத்தா ஒண்ணுக்கு சுமார் 2.36 லட்சம் பேர். ஒரு பக்கம் சாத்தனூர் மாதிரி கிராமத் தொகுதிகள். இன்னொரு பக்கம் பெங்களூரோட தெற்கு விளிம்புல உத்தரஹள்ளி, நாட்டுலயே ரொம்பப் பெரிய சட்டமன்றத் தொகுதிகள்ல ஒண்ணு. ரெண்டுமே அன்னிக்கு கனகபுரா நாடாளுமன்றத் தொகுதிக்குள்ள இருந்துச்சு. ரெண்டுக்கும் ஆளுக்கொரு எம்.எல்.ஏ.ன்னா நியாயமில்லைதான். 2008ல உத்தரஹள்ளியும் ஒழிஞ்சுது, ஆனா அது பல தொகுதியாப் பிரிஞ்சு ஒழிஞ்சுது. பெங்களூர் நகரத்துக்கு 28 தொகுதி ஆச்சு. மொத்தம் 224ஐத் தாண்டக் கூடாதுன்னா அதிகமானது எங்கிருந்தோ வரணும் இல்லையா? டெபிட் இல்லாம கிரெடிட் ஏது?

உத்தரஹள்ளியை அப்படி வீங்க வெச்சது யாரு? வேலை தேடி வந்து, லோன் போட்டு ஃப்ளாட் வாங்கி, வாக்காளர் அட்டையை மாத்திக்கிட்ட ஜனங்க. அதுல நம்மாளுங்க எத்தனை பேர்! நமக்கான பங்குன்னு சொன்னது இதைத்தான்.

இந்தக் கணக்கோட மறுபக்கமும் எனக்குத் தெரியும். நான் புதுக்கோட்டைக்காரன். அதே மறுவரையறையில புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதி காணாமப் போச்சு. மாவட்டத்தை நாலாப் பிச்சு திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர்னு கொடுத்தாங்க. அப்பா 2009ல ஓட்டுப் போட்டுட்டு வந்து போன்ல, "நம்ம எம்.பி. எந்த ஊர்க்காரர்டா?"ன்னு கேட்டார். அந்த யஜமானர் கேட்டதும் இதே கேள்விதான், பாஷைதான் வேற.

இதைவிடப் பெரிய பயம் ஒண்ணு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது. ஜனத்தொகை வளர்ச்சி குறைஞ்ச மாநிலத்துக்கு எம்.பி. பங்கு குறையுமோங்கிற பயம். இது வெறும் கற்பனையும் இல்லை, 1967ல தமிழ்நாடு 41லேர்ந்து 39க்கு இறங்கியிருக்கு. அதுல வேடிக்கை பாருங்க, கணக்கெடுப்புல நம்ம தலைகளை இங்கதான் எண்ணுறாங்க. ஒரே ஆள் கர்நாடகத்துல கூட்டல், தமிழ்நாட்டுல கழித்தல்.

சரி, ஒரு காமர்ஸ்காரனா எனக்குத் தோணுறது இது. கர்நாடகத்துக்கு 224 தொகுதி வந்தது 1978 தேர்தல்ல. அதுக்கு அடிப்படையான 1971 கணக்குல ஜனத்தொகை 2.93 கோடி, எம்.எல்.ஏ.க்கு 1.31 லட்சம் பேர். 2011ல 6.11 கோடி, எம்.எல்.ஏ.க்கு 2.73 லட்சம் பேர். வாடிக்கையாளர் ரெண்டு மடங்குக்கு மேல ஆயாச்சு, கவுன்டர் மட்டும் அதே 224. அப்புறம் எந்தக் கவுன்டரை எங்க நகர்த்தினாலும் ஒரு ஊர் திட்டத்தான் செய்யும். இதுல சாத்தனூருக்கும் உத்தரஹள்ளிக்கும் சண்டையே இல்லை.

நாடாளுமன்ற இடங்கள் மாநிலங்களுக்குள்ள பங்கு போடுற விஷயம், அதுல ஒருத்தர் ஏறினா இன்னொருத்தர் இறங்குவார். சட்டசபை அப்படி இல்லையே! கர்நாடகத்துல நாலு எம்.எல்.ஏ. கூடினா தமிழ்நாட்டுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அரசியல் சட்டம் ஒரு சட்டசபைக்கு 500 பேர் வரைக்கும் இடம் கொடுக்குது. ரெண்டையும் ஒரே பூட்டுல வெச்சுப் பூட்டினதுதான் சிக்கல். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நாம ரெண்டையும் பிரிச்சுப் பேசினா நல்லதுன்னு நினைக்கிறேன்.

பஸ் சார்ஜ் சின்ன நஷ்டம்தான். ஆனா அதைக் கொடுக்கிறது எப்பவும் தூரத்துல இருக்கிறவன்தானே?

டிஸ்கி: எந்தக் கட்சிக்கும் ஆதரவாவோ எதிராவோ எழுதினது இல்லை. அடுத்து எழுத ஆசைதான்... குவார்ட்டர் எண்டு, ஆணி அதிகம். பார்க்கலாம்.