காளை நின்ற இடம்

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்து வாசலில், செருப்பை எங்கே விடுவது என்று கேட்டாள் அம்மா. உள்ளே இருப்பது சாமி. இடமோ கோயில் இல்லை. நாயக்கர் கட்டி மராட்டியர் ஆண்ட அரண்மனை, 1951 முதல் கலைக்கூடம். தர்பார் மண்டபத்தில் இரண்டாம் சரபோஜி வெள்ளைப் பளிங்கில் நிற்கிறார். அம்மா அவரைக் கடந்து போய்விட்டாள்.

அவள் நின்றது ரிஷபவாகன தேவரின் முன்னால். சீர்காழிக்குப் பக்கத்திலுள்ள திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த செப்புத்திருமேனி அது. 1011இல், ராஜராஜன் காலத்துச் செய்கை. மானும் இல்லை, மழுவும் இல்லை. மனிதருக்கு இருப்பதுபோல இரண்டே கை. தலையில் பாம்புகள் முண்டாசாகச் சுற்றியிருக்க, ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே வைத்திருக்கிறார். ஒரு கை தொடையில். இன்னொரு கை காளையின் மேல் சாய்ந்திருக்கவேண்டும். காளையைத்தான் காணோம்.

"எங்கப்பா இப்படித்தான்டா நிப்பாரு."

தாத்தாவை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் ஏர் மாட்டைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து கட்டியதும் உடனே வீட்டுக்குள் வரமாட்டாராம். திமிலில் கையைப் போட்டபடி, முண்டாசை அவிழ்க்காமல், கொஞ்சநேரம் நிற்பாராம். அம்மா சொல்லச் சொல்ல, எனக்கு அந்த ஸ்தபதியின் நினைவு வந்தது. அவரும் ஏதோ ஒரு தொழுவத்தின் ஓரம் நின்று பார்த்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடுப்பின் நெளிவு எப்படி வரும்? மெழுகில் உருப்பிடித்து, மண் பூசி, சுட்டு, மெழுகு ஓடிய வழியில் உலோகத்தை ஊற்றும்போதே அவருக்குத் தெரியும்: கோயிலில் இதன்மேல் பட்டும் மாலையும் ஏறும், முகத்தைத் தவிர அதிகம் தெரியாது. தெரிந்தும் தொப்புளுக்குக் கீழான மெல்லிய சரிவு வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். அது நம் கண்ணில் படுவது இங்கேதான். ஆனால் இங்கே விளக்கு இல்லை, கற்பூரம் இல்லை, திருநாளில் தோள்கொடுத்துத் தூக்க ஆளில்லை. இரண்டையும் நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

பக்கத்தில் உமை. அவளைச் செய்தது அடுத்த வருடம், 1012இல்.

அம்மா இன்னும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, தன் கையைக் காற்றில் கிடையாக நீட்டி, மேலே கீழே நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"மாடு இவ்வளவு ஒசரம் இருந்திருக்கும்."