ஒரு வரி நகர்ந்தாலும்

புனே விமான நிலையத்தை ஒட்டி வளர்ந்த பகுதி விமான் நகர். கிகா ஸ்பேஸ், வெயிக்ஃபீல்ட் என்று ஐ.டி. வளாகங்கள் அங்கே உண்டு. அவற்றில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. புதிதாக ஏதாவது செய்யலாம் என்று போகிறவர் கையில் பல நேரம் முதலில் வந்து விழுவது, எப்போதோ யாரோ எழுதிய ரிப்போர்ட் லைப்ரரி. பில், சம்பளச் சீட்டு, ஸ்டாக் கணக்கு எல்லாவற்றையும் அச்சடித்துத் தருவது அதுதான். அதை மைக்ரோசாஃப்டின் புது டாட் நெட் தளத்துக்கு மாற்ற வேண்டும். தாளில் மட்டும் எதுவும் மாறக் கூடாது. இவ்வளவு கவனம் கேட்டு, இவ்வளவு குறைவாகப் பாராட்டப்படும் வேலை மென்பொருளில் அதிகம் இல்லை.

இந்தப் புது டாட் நெட்டின் தொடக்கமாக, 2016இல் மைக்ரோசாஃப்ட் டாட் நெட் கோர் 1.0ஐ வெளியிட்டது. லினக்ஸிலும் ஓடும் என்பதால் சர்வருக்கு விண்டோஸ் உரிமம் வாங்கும் செலவு மிச்சம். கணக்குப் போடும் நிரல்கள் பெரிய சிக்கல் இல்லாமல் வந்துவிடும். மாட்டிக்கொள்வது படம் வரையும் இடத்தில்தான். ரிப்போர்ட் என்பது அடிப்படையில் ஓவியம்: இந்த எழுத்து இங்கே, இவ்வளவு அகலத்தில், இடம் போதாவிட்டால் அடுத்த வரியில். பழைய லைப்ரரிகள் இதற்கு நம்பியிருந்தது டாட் நெட்டின் சிஸ்டம் டிராயிங்கை. அதன் அடியில் இருப்பது விண்டோஸின் வரையும் எஞ்சினான ஜிடிஐ பிளஸ். லினக்ஸில் மாற்றாக வைத்த லிப்ஜிடிஐபிளஸ், 30,000 வரிக்கு மேற்பட்ட, பெரும்பாலும் சோதிக்கப்படாத சி நிரல் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. 2021 நவம்பரில் வந்த டாட் நெட் 6இல் சிஸ்டம் டிராயிங் விண்டோஸுக்கு மட்டும் என்றாகிவிட்டது. தற்காலிகமாக விட்டுவைத்த வழியும் அடுத்த ஆண்டு டாட் நெட் 7இல் அடைபட்டது. பலர் கூகிளின் ஸ்கியா என்ற வரையும் எஞ்சின் பக்கம் போனார்கள்.

அங்கேதான் அளவுத் தகராறு. லினக்ஸ் சர்வரில் பொதுவாக ஏரியல் எழுத்துரு இருக்காது. அதே எழுத்து அகலங்களோடு ரெட் ஹாட் 2007இல் வெளியிட்ட லிபரேஷன் சான்ஸை வைக்கலாம். அப்படியும் இரண்டு எஞ்சின்களும் எழுத்தை அளக்கும்போது மயிரிழை வித்தியாசம் வரும். பொருளின் பெயர் ஒன்று இரண்டாம் வரிக்கு மடங்கும். கீழே இருந்த மொத்தத் தொகை அடுத்த பக்கத்துக்குத் தாவும். ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸில் வரும் ஐ.ஆர்.என். என்ற பில் அடையாள எண்ணைப் பாருங்கள். 64 எழுத்து, நடுவில் இடைவெளியே கிடையாது. பழைய எஞ்சின் பெட்டிக்குள் மடக்கிப் போட்டதைப் புதியது மடக்காமல் விட்டால், கடைசி எழுத்துகள் வெட்டுப்படும்.

தமிழ் பில் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்கியா எழுத்துகளை வந்த வரிசையில் வைத்துக்கொண்டே போகும். 'கெ' என்று அச்சாக வேண்டிய இடத்தில் முதலில் 'க', அதன் பின்னால் தனியாக ஒரு கொம்பு. மராத்திக்கும் இதே கதி. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இகரக் குறி பின்னால் போய் ஒட்டும். ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு லைப்ரரியைக் கூடச் சேர்த்தால்தான் வரிசை சரியாகும். ஆங்கில பில்லை மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று அறிவிக்கும் குழுவுக்கு இது தெரியவே வராது. எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை: ரெட் ஹாட்டின் புனே பொறியாளர்கள் பராமரித்து வளர்த்த லோகித் குடும்பத்தில் தமிழும் உண்டு, தேவநாகரியும் உண்டு.

எல்லா லைப்ரரியும் இப்படிக் கரையேறிவிடவில்லை. 1993இல் விஷுவல் பேசிக் 3உடன் இணைந்து வந்து, ஒரு தலைமுறையின் பில்களையெல்லாம் அடித்துத் தந்த கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸை, இன்றைய உரிமையாளரான எஸ்.ஏ.பி. புது டாட் நெட்டுக்குக் கொண்டுவரவில்லை. அதை நம்பியிருப்பவர்கள் அந்தப் பகுதியை மட்டும் ஒரு விண்டோஸ் இயந்திரத்தில் தனியாக ஓடவிட்டு, மற்றதை மாற்றுகிறார்கள். தோல்வி என்று இதைச் சொல்ல முடியாது. வாடிக்கையாளரின் பில் நிற்காமல் வருவதுதானே முக்கியம்.

லைப்ரரியையே மாற்றத் துணிந்தவர்கள் பழைய எஞ்சினின் பிடிஎஃப்பையும் புதியதின் பிடிஎஃப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிடுகிறார்கள். மாதிரித் தரவு இதற்கு உதவாது. நீளமான கடைப் பெயரும், பூஜ்யத் தொகையும், பல பக்கம் ஓடும் ஆண்டுக் கணக்கும் உள்ள நிஜ பில்கள் வேண்டும். அவற்றில் பக்கம் முறியும் இடமெல்லாம் ஒத்துப்போகும்வரை, பழைய எஞ்சினும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.