வீட்டுல என்ன சாப்பிடுவீங்க?

மகளுக்கு ஒன்பது வயது. சோற்றுத் தட்டு, பள்ளிக்கூடப் பெஞ்சு, என் முதுகு, எது கிடைத்தாலும் தாளம் போடுவாள். "அம்மா, நான் மிருதங்கம் கத்துக்கணும்" என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். சனி ஞாயிறில் கூட்டம், ஆர்ப்பாட்டம் என்று அவளையும் இழுத்துக்கொண்டு அலைகிறோம். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது அவளுக்குப் பிடித்ததைச் செய்யட்டும் என்று விசாரித்து ஒரு வகுப்பில் சேர்த்தேன்.

அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தவில்லை. கட்டணம், நேரம் எல்லாம் சொல்லிவிட்டு, "சொந்த ஊர் எது?" என்றார். காட்டுமன்னார்கோயில் பக்கம் என்றேன். "ஊருக்குள்ளயா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மகளைப் பார்த்து, "வீட்டுல என்னம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். அவள் உற்சாகமாக, "ஞாயித்துக்கிழமை பீப் பிரியாணி" என்றாள். அவர் சிரித்தபடியே, "வகுப்பு நாள்ல மட்டும் அதெல்லாம் வேண்டாமே. வாத்தியம் சரஸ்வதி இல்லையா?" என்றார்.

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். எத்தனையோ மேடைகளில் பேசுகிறவள் நான். பிள்ளையின் ஆசை முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை வெளியே காத்திருந்தேன். உள்ளே பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். "நேத்து நைட்டு உங்க வீட்டுல என்ன?" என்று ஒரு குழந்தை கேட்டது. "சாம்பார். நாங்க சைவம்" என்றாள் என் மகள். முந்தின இரவு கருவாட்டுக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள் அவள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. மூன்றே வாரத்தில் தானாகவே பொய் சொல்லக் கற்றுக்கொண்டாள். மிருதங்கத்தில் முதல் பாடம் முடிவதற்கு முன்பே இந்தப் பாடம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் நாங்கள் போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சரஸ்வதியே தோலால் ஆனவள். மிருதங்கத்துக்குப் பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வார் இழுத்து, நாதம் வரும்வரை தட்டிப் பார்க்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை தலித் கிறித்தவக் குடும்பங்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் உள்ளே போகலாம், தோலைத் தொட்டவர்களின் கதை உள்ளே போகக் கூடாது.

சரி, பறை வகுப்புக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். அங்கேயாவது மகள் பொய் சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் முதலில் பார்த்த இடத்தில் வேறு மாதிரி சிக்கல். சுவரெல்லாம் 'தமிழரின் ஆதி இசை' பதாகை. ஐடி கம்பெனியில் வேலை செய்கிற இளைஞர்கள், அவர்களின் பிள்ளைகள். நல்ல கூட்டம், அதில் எனக்கு மகிழ்ச்சியே. பறைக்கு 'சாவு மேளம்' என்று ஏன் பெயர் வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். "இங்க சாதியெல்லாம் பேசறதில்லைங்க தோழர். பறை எல்லாருக்கும் பொது" என்றார் பயிற்சியாளர்.

எப்போதிருந்து பொது? என் அப்பா அடித்தபோது அது பொதுவாக இல்லை. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் எங்கள் சேரிக்கு ஆள் வரும். இரவெல்லாம் அடித்து, சுடுகாடு வரை முன்னால் போய், கடைசியில் தூரத்தில் நின்று முண்டாசை அவிழ்த்துக் கையேந்தி வாங்க வேண்டும். நெல்லோ சாராயமோ, அவர்கள் கொடுப்பதுதான் கூலி. வர முடியாது என்று சொல்லும் உரிமை கிடையாது. பறையடிக்க மறுக்கச் சொல்லி இளையபெருமாள் போராடிய பகுதி எங்களுடையது. அப்படியும் அது முழுசாக நிற்கவில்லை. நான் ஆறாவது படிக்கும்போது அப்பா பறையைக் கொல்லையில் போட்டு உடைத்தார். அந்த அறுவடைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் வேலை தரவில்லை. "இனிமே இந்தச் சத்தம் நம்ம வீட்டுல கேக்கக் கூடாது" என்றார். அந்தச் சத்தம் நின்றதால்தான் நான் படித்தேன்.

அதே பறையை இன்று நாங்கள் போராட்ட மேடையில் அடிக்கிறோம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது கைதட்டினோம். இரண்டும் உண்மை. உடைத்ததும் சுயமரியாதை, மறுபடி எடுத்ததும் சுயமரியாதை. ஆனால் உடைத்த கதையைச் சொல்லாமல் அடிக்க மட்டும் கற்றுக்கொடுத்தால், என் அப்பா பட்டினி கிடந்தது எந்தக் கணக்கில் வரும்?

கடைசியில் வடசென்னையில் ஒரு சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடைத்தது. மின்விசிறிகூட ஒழுங்காக ஓடாது. முதல் நாள் ஆசான் பிள்ளைகளை உட்கார வைத்து, வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை ஒட்டுவதைக் காட்டினார். அடிக்குச்சி எந்தக் கையில், சிண்டுக்குச்சி எந்தக் கையில் என்று சொன்னார். பிறகு, "உங்க தாத்தா யாராச்சும் இதைத் தூக்கி எறிஞ்சிருந்தா, வீட்டுல போய் ஏன்னு கேட்டுட்டு வாங்க" என்றார்.

மகள் அன்று இரவே ஊருக்குப் போன் போட்டாள். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவளிடம் முழுக் கதையையும் சொன்னார். எனக்கே தெரியாத சிலதும் அதில் இருந்தன. கடைசியில் என்னிடம் சொன்னார்: "கத்துக்கட்டும். ஆனா சாவுக்கு எவன் கூப்பிட்டாலும் போகக் கூடாது. காசு குடுத்தாலும்."

பிள்ளைகளைப் பாட்டு, நடனம், வாத்தியம் என்று வார இறுதி வகுப்பில் சேர்க்க நினைக்கும் தோழர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கட்டணத்தையும் அரங்கேற்றச் செலவையும் விசாரிப்பது போலவே, அங்கே பிள்ளையிடம் என்ன கேட்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு மாதம் கழித்து, அங்கே யாரிடமாவது ஏதாவது மாற்றிச் சொன்னாயா என்று பிள்ளையிடமே கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது மூன்று வாரம்தான்.

மகள் மிருதங்கத்தை மறக்கவில்லை. பறை வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது, "அதையும் கத்துக்கலாம்ல?" என்று கேட்கிறாள். கற்கத்தான் வேண்டும். நம் கை செய்த வாத்தியம் அது. சொந்த ஊரையும் சாப்பாட்டையும் கேட்காத மிருதங்க ஆசிரியர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.