வராதா, இன்னும் வரவில்லையா?



போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தங்கச்சி கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிச்சிட்டியா?" என்றேன். "நமக்கெல்லாம் கணக்கு வராதுண்ணே" என்றாள், ரொம்ப சாதாரணமாக.

அந்த 'நமக்கெல்லாம்' சுருக்கென்று குத்தியது. ஏனென்றால் அந்த வசனம் என்னுடையது!

எட்டாம் வகுப்பில் கணக்கில் 22 மார்க் வாங்கி வந்தபோது அம்மா திட்டவில்லை. "எனக்கும் வராது, உனக்கும் வராது, விடு" என்றார். ஆறுதலுக்குச் சொன்னது. நான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு எந்தக் கணக்கில் சிக்கினாலும் "எனக்குத்தான் வராதே" என்று பேனாவை மூடிவிடுவேன். ப்ளஸ் டூவில் எப்படியோ தப்பித்தேன். இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் மாட்டிக்கொண்டேன். அரியர்.

ரூம் மேட் ஒரு யோசனை சொன்னான். "நான் கணக்கில் புலி" என்று எழுதிச் சுவரில் ஒட்டி, தினமும் பத்து தடவை சொல்ல வேண்டுமாம். ஒட்டினேன், சொன்னேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒருத்தன் "22 மார்க் புலி!" என்று சிரித்தான். நாலே நாளில் கிழித்துப் போட்டேன்.

பிறகு ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் அவரது குழுவினரும் 2009-இல் வெளியிட்டது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களை "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். அப்படிச் சொன்னவர்களின் மனநிலை, சொல்லாதவர்களுடையதை விட மோசமாக இருந்ததாம்! மனசு நம்பாத ஒன்றைத் திணித்தால் அது எதிர்வாதம் செய்யும் போல.

அரியர் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தபோது ஒரு சீனியரிடம் போய், "இன்டகிரேஷன் வராதுண்ணா" என்றேன். அவர் "எந்த வரியில நிக்குது? காட்டு" என்றார். எக்ஸ் காஸ் எக்ஸ் கணக்கைப் போட்டுக் காட்டினேன். முறை சரி. கடைசியில் சைன் எக்ஸைத் தொகையிட்டபோது மைனஸ் காஸ் எக்ஸ் என்பதற்குப் பதில் ப்ளஸ் போட்டிருந்தேன். வகையிடலையும் தொகையிடலையும் குழப்பிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான்!

இத்தனை வருஷமாக "கணக்கு வராது". அன்றைக்கு வராமல் போனது ஒரு மைனஸ்.

அன்று இரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "எனக்குப் புரியாத வரி ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கேட்டால் அடுத்த வரிக்குப் போகலாம்." இதில் புலியும் இல்லை, பொய்யும் இல்லை. அதனால் உள்ளே இருந்தவன் சிரிக்கவில்லை. அதன் கீழே, தினமும் நான் சிக்கிய வரிகளைக் குறித்து வைத்தேன். பாதிக்கு மேல் குறித் தவறுகளும் திரிகோணமிதி வாய்பாடுகளும்தான். கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டே வந்தேன். அரியர் போனது. பெரிய மார்க் எல்லாம் இல்லை :)

தமிழில் பாருங்கள், நீச்சல், சமையல், பாட்டு எல்லாமே நமக்கு 'வரும்' அல்லது 'வராது'. ஏதோ விருந்தாளி மாதிரி! வராத விருந்தாளிக்கு நாம் என்ன செய்ய முடியும்? ஆனால் 'இன்னும் வரவில்லை' என்றால், வழி தெரியாமல் எங்கே நிற்கிறார் என்று போய்ப் பார்க்கலாம். உளவியலாளர் கரோல் டுவெக் தன் 2014 டெட் உரையில் ஒரு சிகாகோ பள்ளியைப் பற்றிச் சொல்வார். அங்கே தேறாத பாடத்துக்கு 'ஃபெயில்' போடாமல் 'இன்னும் இல்லை' என்று போட்டார்களாம்.

தங்கச்சியிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்த வரியில நிக்குது? காட்டு."

முறைத்துக்கொண்டே நோட்டைத் திறந்தாள். மூன்றாவது வரியில் நின்றிருந்தது.

நீங்கள் 'வராது' என்று மூடி வைத்தது எது? ஒரு தடவை திறந்து பாருங்களேன்!