பாரிஸ் நகரில் வழி தேடிய ஆறு நாட்கள்

பாரிஸைப் பார்த்து வந்தோர் பலர். ஐஃபல் கோபுரத்தின் உயரத்தையும் லூவ்ர் அருங்காட்சியகத்தின் செல்வத்தையும் வருணித்து எழுதியோரும் பலர். ஆகவே அக்காட்சிகளை மீண்டும் விரித்துரைக்க நாங்கள் முற்படவில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம், எங்கே வழி தவறினோம் என்பவற்றையே இங்குச் சொல்ல எண்ணுகிறோம். பிரயாணம் செய்கிறவருக்குப் பாதி நாள் இதிலேதான் கழிகிறது. ஆயினும் ஊர் திரும்பியபின் இதை எவரும் பெரிதாகச் சொல்வதில்லை.

சென்ற கோடையில் நாங்கள் இருவரும், எங்களுடன் தில்லியில் வசிக்கும் எழுபத்துநான்கு வயது அம்மாவும் பாரிஸில் ஆறு நாட்கள் தங்கினோம். மூவருக்கும் பிரெஞ்சு மொழி தெரியாது. எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் கைகொடுத்தது. அம்மாவுக்குத் தமிழும், கரோல்பாக் கடைத்தெருவில் கற்ற இந்தியும் உண்டு. கார் து நோர் என்னும் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறு விடுதியில் அறை எடுத்திருந்தோம்.

முதலில் நகரின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நலம். பாரிஸ் நகரம் பரப்பில் பெரியதன்று. ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர்தான். நம் தில்லிப் பிரதேசமோ 1,483 சதுர கிலோமீட்டர். பாரிஸை 1860ஆம் ஆண்டு முதல் இருபது வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். லூவ்ர் இருக்கும் நடுப்பகுதி முதல் வட்டாரம். அங்கிருந்து நத்தையின் ஓட்டைப் போலச் சுழன்று சுழன்று வெளியே சென்று, கிழக்கு ஓரத்தில் இருபதாம் வட்டாரத்தில் முடிகிறது. தெருமுனைச் சுவர்களில் உள்ள நீலநிறப் பலகைகளில் தெருவின் பெயருக்கு மேலே வட்டாரத்தின் எண்ணும் காணப்படும்.

வீட்டு எண்களிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இது 1805ஆம் ஆண்டில் ஏற்பட்டது. சேன் நதியை விட்டு விலகிச் செல்லும் தெருக்களில் எண்கள் நதியின் பக்கத்திலிருந்து தொடங்கும். நதிக்கு இணையாகச் செல்லும் தெருக்களில் எண்கள் நீரோட்டத்தின் திசையிலேயே ஏறும். அத்திசையை நோக்கி நடந்தால் வலப்புறம் இரட்டைப்படை, இடப்புறம் ஒற்றைப்படை. எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்தே நதி எந்தப் பக்கம் என்று அறிந்துகொள்ளலாம். தில்லியில் செக்டர், பாக்கெட் என்று வீடு தேடி அலைந்த நமக்கு இந்த ஒழுங்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நேயர்கள் உணர்வார்கள்.

இனி மெட்ரோ என்னும் சுரங்க ரயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். உலகக் கண்காட்சி நடந்த 1900ஆம் ஆண்டில், ஜூலை 19ஆம் தேதி முதல் பாதை திறக்கப்பட்டது. இதை அமைத்த பொறியியலாளர் ஃபுல்ஜான்ஸ் பியன்வெனூ, 1881இல் ஒரு ரயில் விபத்தில் இடக்கையை இழந்தவர். ஒற்றைக் கையுடன் ஒரு மாநகரின் அடிவயிற்றையே குடைந்து வழி அமைத்த அவருடைய பெயரை இன்றும் ஒரு நிலையம் தாங்கி நிற்கிறது. இன்று 300க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. ஒரு நிலையத்தில் ஏறி உட்காருவதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடுகிறது.

ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எண்ணும் ஒரு நிறமும் உண்டு. ஆனால் வண்டி எத்திசையில் செல்கிறது என்பதைக் கடைசி நிலையத்தின் பெயரைக் கொண்டே அறியவேண்டும். இது தெரியாமல் முதல் நாளே பிழை செய்தோம். நோத்ர் தாம் தேவாலயத்தைக் காண நான்காம் பாதையில் தெற்கே செல்லவேண்டியவர்கள், எதிர்த்திசை வண்டியில் ஏறி, வடக்கு முனையான போர்த் தெ க்ளிஞான்கூர் வரை போய்ச் சேர்ந்தோம். பெட்டி முழுவதும் காலியாகி, நாங்கள் மூவர் மட்டும் மிஞ்சியபோதுதான் பிழை புரிந்தது. அம்மா மட்டும் கலங்கவில்லை. “கடைசி வரைக்கும் வந்தாயிற்று. இனித் தவறான பக்கம் போக இடமில்லை” என்றார். 2019ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் சீரமைக்கப்பட்டு, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட அத்தேவாலயத்தை அன்று ஒரு மணி நேரம் தாமதமாகக் கண்டோம்.

மெட்ரோவில் இரண்டு சொற்களை அறிந்திருந்தால் போதும். ‘சொர்த்தி’ என்றால் வெளியேறும் வழி. ‘கொரெஸ்போந்தான்ஸ்’ என்றால் வேறு பாதைக்கு மாறும் வழி. பயணச்சீட்டை ஏற்றி வைத்துக்கொள்ளும் அட்டையை ஆளுக்கு ஒன்றாக வாங்கவேண்டும். ஒன்றையே மூவரும் காட்டிச் செல்ல முடியாது. 2025 ஜனவரியில் கட்டணத்தை மாற்றியபோது மெட்ரோவுக்கு 2.50 யூரோ என்றும், பஸ்ஸுக்கு 2 யூரோ என்றும் தனித்தனியே விதித்தார்கள். மெட்ரோவுக்கு வாங்கிய சீட்டு பஸ்ஸில் செல்லாது. வெளியேறும் வரை சீட்டை வைத்திருப்பதும் அவசியம். பரிசோதகர்கள் நடைவழிகளில் நிற்பதுண்டு.

முதியோரை அழைத்துச் செல்வோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழைய நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. படிகளோ பல. முழங்கால் வலி உள்ளவருக்குப் பஸ்ஸே சிறந்தது. இரண்டாம் நாள் 69ஆம் எண் பஸ்ஸில் ஏறி, பஸ்தீய் சதுக்கம், நகரமன்றம், லூவ்ர் ஆகியவற்றைக் கடந்து, நதியையும் தாண்டி, ஐஃபல் கோபுரத்தின் அருகே இறங்கினோம். அம்மா சன்னலோரம் அமர்ந்து நகரத்தைப் பார்த்து வந்தார். சுரங்கத்தில் சென்றிருந்தால் இருட்டுச் சுவரைத்தான் கண்டிருப்போம்.

வழியெங்கும் கரும்பச்சை நிறத்தில் அழகிய குடிநீர்த் தூண்கள் நிற்கின்றன. நான்கு பெண்ணுருவங்கள் தாங்கும் சிறு குவிமாடத்தின் கீழே தண்ணீர் இழையாக விழுகிறது. 1870-71 முற்றுகையில் இந்நகரம் பட்ட துன்பத்தைக் கண்ட ரிச்சர்ட் வாலஸ் என்னும் ஆங்கிலச் செல்வர், ஏழை எளியோரும் நல்ல நீர் அருந்தவேண்டுமென்று 1872 முதல் இவற்றை நிறுவச் செய்தார். குளிர்காலம் நீங்கலாக இன்றும் இவற்றில் நீர் வருகிறது. அம்மா ஒரு கை ஏந்திப் பருகிவிட்டு, “நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல்தான், கூரை மட்டும் இரும்பில் போட்டிருக்கிறார்கள்” என்றார்.

பாரிஸ்வாசிகள் கடுகடுப்பானவர்கள் என்று புறப்படும் முன் பலர் எச்சரித்திருந்தார்கள். எங்கள் அனுபவம் வேறு. அங்கே கடைக்காரராயினும் பஸ் ஓட்டுநராயினும், முதலில் ‘பொன்ழூர்’ என்று வணக்கம் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்கவேண்டும். வணக்கமின்றி நேரே கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. முதல் நாள் நாங்கள் ஆங்கிலத்தில் அவசரமாகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சுருக்கமான பதிலே கிடைத்தது. அம்மாவோ வேறு எந்தச் சொல்லும் தெரியாமையால் ‘பொன்ழூர்’ என்று கூறிக் கைகூப்பினார். முகங்கள் மலர்ந்தன.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது.

அன்று காலை மோன்மார்த்ர் குன்றின்மேல் உள்ள வெண்ணிற ஆலயத்தைக் காணப் புறப்பட்டு, லா ஷப்பெல் நிலையத்தில் இரண்டாம் பாதை வண்டிக்குக் காத்திருந்தோம். அங்கே அப்பாதை தரைக்கு மேலே, பாலத்தின்மீது செல்கிறது. நல்ல கூட்டம். வண்டி வந்தது. அம்மாவை முதலில் ஏற்றினோம். பின்னால் ஏற முயன்ற எங்களை இறங்குவோரின் நெருக்கம் தள்ளிற்று. எச்சரிக்கை ஒலி கேட்டது, கதவுகள் மூடிக்கொண்டன. கண்ணாடிக்கு அப்பால் அம்மாவின் முகம் நகர்ந்து மறைந்தது.

குற்றம் எங்களுடையதே. பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் ஒருபோதும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் கைபேசியோ எங்கள் பையில் இருந்தது. விடுதியின் பெயர் எழுதிய தாளும் எங்களிடமே இருந்தது. “அம்மா இங்கேயே திரும்பி வருவார், நிற்போம்” என்றார் ஒருவர். “அடுத்த நிலையத்துக்குப் போவோம்” என்றார் மற்றவர். இந்த வாதத்திலேயே இரண்டு வண்டிகள் வந்து போயின. கடைசியில் ஒருவர் அங்கேயே நிற்க, மற்றவர் மூன்றாவது வண்டியில் ஏறினார். கடிகாரப்படி எட்டு நிமிடங்களே ஆகியிருக்கும். அந்த எட்டு நிமிடங்களில் எங்கள் மனம் போகாத இடமில்லை.

அடுத்த நிலையமான பார்பெஸில் நடைமேடை ஆசனம் ஒன்றில் அம்மா அமர்ந்திருந்தார். அவருடைய கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்தபடி பக்கத்தில் ஒரு பெண்மணி இருந்தார். ஆப்பிரிக்க மரபினர் என்று தோன்றியது. பூப்போட்ட நீண்ட ஆடையும் அதே துணியில் தலைக்கட்டும் அணிந்திருந்தார். அவருடைய சிறு மகன் அம்மாவின் வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தான். அம்மாவைத் தனியே விட மனமின்றி, தாம் ஏறவேண்டிய வண்டிகளை அவர் விட்டுவிட்டார் என்று புரிந்தது. ‘மெர்சி’ என்னும் ஒற்றைச் சொல்லைத் தவிர நன்றி சொல்ல எங்களிடம் மொழி இல்லை. அவர் அம்மாவின் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த வண்டியில் ஏறிச் சென்றார்.

“பயந்துவிட்டீர்களா, அம்மா?” என்று கேட்டோம்.

“பயம் இல்லாமல் இருக்குமா? ஆனால் தேடி வருகிறவர்கள் நான் போன வழியாகத்தானே வருவார்கள் என்று அடுத்த இடத்திலேயே இறங்கிவிட்டேன். நான் நகர்ந்தால்தான் தொலைந்து போவேன்” என்றார்.

அன்று மாலை லா ஷப்பெல் வட்டாரத்திலேயே உணவருந்தினோம். அங்கு வாழும் நம் மக்கள் அதை ‘லாச்சப்பல்’ என்கிறார்கள். 1983க்குப் பின் போரினால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர் பலர் அங்கே கடைகள் வைத்திருக்கின்றனர். தமிழெழுத்துப் பலகைகள், புடவைக் கடைகள், நகைக் கடைகள், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் குவித்த காய்கறிக் கடைகள் எல்லாம் உண்டு. 1985இல் நிறுவப்பெற்ற மாணிக்க விநாயகர் ஆலயமும் அருகிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் அதன் தேர் பாரிஸ் வீதிகளில் வலம் வருகிறது.

காய்கறிக் கடையில் இருந்த அம்மையார், “வாங்கோ அம்மா, எந்த ஊரில இருந்து வாறீங்கள்?” என்று கேட்டார். அம்மா “தில்லி” என்றார். சிறிது பொறுத்து, “கும்பகோணம் பக்கம்” என்றார். “நீங்கள்?” என்று அம்மா கேட்க, அவரும் “இஞ்சைதான், பாரிஸ்” என்று சொல்லி, சிறிது பொறுத்து, “சாவகச்சேரி” என்றார். இருவரும் சிரித்துக்கொண்டனர்.

விடுதிக்குத் திரும்பும்போது, அம்மா இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். 1971இல் திருமணமாகித் தில்லிக்கு வந்த முதல் மாதம், இந்தி எழுத்துத் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி, எங்கோ இறங்கி, ஒரு வேப்பமரத்தடியில் நின்று அழுதாராம். பஞ்சாபி மூதாட்டி ஒருவர் கரோல்பாக் வீட்டு வாசல்வரை அழைத்துவந்து விட்டுப்போனாராம். பிரிவினையின்போது லாகூரிலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்தவர் அவர் என்பது பிறகு தெரியவந்ததாம். “இன்று கையைப் பிடித்த அந்தப் பெண்ணும் எங்கேயோ ஓரிடத்தில் நின்று அழுதவளாகத்தான் இருப்பாள்” என்று அம்மா முடித்தார்.

மறுநாள் முதல் ஒரு விதி செய்துகொண்டோம். பிரிந்துவிட்டால், வண்டியில் போனவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்கவேண்டும்; பின்தங்கியவர் அடுத்த வண்டியில் வரவேண்டும். விடுதியின் முகவரி எழுதிய தாள் ஆளுக்கு ஒன்று. கைபேசி அவரவர் கையில். ஏறும்போது முதியவர் நடுவில். லூவ்ர் செவ்வாயன்றும், ஓர்சே அருங்காட்சியகம் திங்களன்றும் மூடியிருக்கும் என்பதையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டோம். பாரிஸ் செல்லும் அன்பர்கள் இவற்றைக் குறித்துக்கொண்டால் எங்கள் பிழை அவர்களுக்குப் பயன்பட்டதாகும்.

தில்லிக்குத் திரும்பி மாதங்கள் பல ஆகின்றன. கரோல்பாக் மெட்ரோ நிலையத்தில், கையில் ஒரு தாளுடன், வரைபடத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும் குடும்பங்களை நாள்தோறும் காண்கிறோம். முன்பெல்லாம் அவசரத்தில் அவர்களைக் கடந்து போய்விடுவோம். இப்போது அம்மா உடன் வந்தால் கடந்து போக விடுவதில்லை. அவர் உடன் வராத நாட்களிலும் எங்கள் கால்கள் தாமே நின்றுவிடுகின்றன.