கருணையா, கட்சிக் கணக்கா?

2008 செப்டம்பரில் ஒரு காலை. கோட்டக்குப்பத்துத் தேநீர்க் கடையில் நாம் ஏட்டை உரக்கப் படித்தோம். அறிஞர் அண்ணா நூற்றாண்டையொட்டித் தமிழகச் சிறைகளிலிருந்து சுமார் 1,400 பேர் விடுதலை! "கருணையென்றால் இதுவன்றோ!" என்று களித்தோம்.

மகள் வீட்டுக்கு வந்திருந்த மரக்காணத்து உப்பளத் தொழிலாளியான பெரியவர் மட்டும் களிக்கவில்லை. "லீலாவதியைக் கொன்றவர்களும் அதில் உண்டாமே, தம்பி?" என்றார். நம் நா அடங்கிற்று.

யார் அந்த லீலாவதி? மதுரை வில்லாபுரத்து மாமன்ற உறுப்பினர், மார்க்சிஸ்ட் தோழர், ஏழைகளுக்குக் குடிநீர் கேட்டுப் போராடி, 1997-இல் வெட்டி வீழ்த்தப்பட்டவர். தண்டனை பெற்றவர்கள் தி.மு.க.வைச் சார்ந்தவர்கள். நாம் என்ன செய்தோம்? ஏட்டை மடித்து வைத்தோம்.

பத்தாண்டு கழிந்தது. 2000-இல் தருமபுரியில் பேருந்தை எரித்து, வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவரைக் கருக்கிய அ.தி.மு.க.வினர் மூவர், எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பேரால் 2018 நவம்பரில் வெளியே வந்தனர். அன்று நாம் கொதித்தோம். மாற்றான் வீட்டுக் குற்றத்துக்குக் கொதிப்பு, நம் வீட்டுக் குற்றத்துக்கு மௌனம்! இதுவா பகுத்தறிவு?

அரசியல் சட்டத்தின் 161-ஆம் பிரிவு தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை ஆளுநருக்கு அளிக்கிறது. கையெழுத்து ஆளுநருடையது, முடிவோ அமைச்சரவையுடையது. ஆந்திரத்தில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவருக்குக் கிடைத்த தண்டனைக் குறைப்பை 2006-இலேயே உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சாதி, மதம், கட்சிப் பற்று ஆகியவை கருணைக்குக் காரணமாகா என்றும் தெளிவுறுத்தியது. அத்தீர்ப்பு வந்து இரண்டே ஆண்டில்தான் நாம் கைதட்டினோம்!

கடல் கடந்த நாட்டிலும் இதே கதை. 2021-இல் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய தம் ஆதரவாளர் சுமார் 1,500 பேருக்கு, 2025-இல் பதவியேற்ற அன்றே மன்னிப்பு வழங்கினார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப்.

அதற்காகக் கருணையையே ஒழித்துவிடலாமா? கூடாது, தோழர்களே! கேட்பாரற்றுச் சிறையில் நரைத்துப்போன ஏழைக்கு அதுவே கடைசிக் கதவு. அக்கதவு கட்சிக் கொடியைப் பார்த்துத் திறக்கலாகாது என்பதே நம் வழக்கு. விடுதலை ஒவ்வொன்றுக்கும் காரணம் வெளியாகட்டும். மாண்டவரின் பெற்றோரும் பிள்ளைகளும் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேட்கட்டும்.

2018-இல் அப்பெரியவரை மீண்டும் கண்டோம். நம் கொதிப்பைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எவர் அளத்தில் விளைந்தாலும் உப்பு கரிக்கும், தம்பி. எந்தக் கட்சிக்காரன் செய்தாலும் கொலை கொலைதான்."

பத்தாண்டுக்கு முன் நாம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.